இல்லினாய்க் கணக்கும் கான்சாஸ் கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

"வரியைக் குறை, அரசு ஓய்வூதியத்தை நிறுத்து, கட்டுப்பாடுகளை எடு, வேலை தானாக வரும் என்கிறார்களே, சுதந்திரச் சந்தைக்காரர்கள் சொல்வது சரியா, தப்பா?" என்று கேட்டிருக்கிறாய். பொருளாதாரம் படிக்கத் தொடங்கியிருக்கும் உனக்கு வரவேண்டிய கேள்விதான். ஆனால் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஏற்கவும் வேண்டாம், ஒன்றாகச் சேர்த்துத் தள்ளவும் வேண்டாம். இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்க மாநிலங்கள் வசதியான இடம். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனியாக வருமான வரி போட்டுக்கொள்ளலாம். டெக்சாஸ், ஃப்ளோரிடா போலப் போடாமலும் இருக்கலாம்.

முதலில் இல்லினாய். சுதந்திரச் சந்தைக் கொள்கையின் பெரிய குரலான மில்டன் ஃப்ரீட்மன் பாடம் நடத்திய சிகாகோ பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. அரசு ஊழியரின் ஓய்வூதியம் ஓர் ஒப்பந்தம், அதன் பலன்களைக் குறைக்கக் கூடாது என்று அந்த மாநிலத்தின் 1970 அரசியல் சட்டம் சொல்கிறது. 2011-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ஓய்வு பெற்ற பின் ஆண்டுதோறும் 3 சதவீத உயர்வு உண்டு, அதுவும் கூட்டு வட்டிக் கணக்கில். 24 ஆண்டுகளில் ஓய்வூதியம் இரட்டிப்பாகிவிடும்.

தாராளமான வாக்குறுதிதான். ஆனால் குற்றம் அதில் இல்லை என்பேன். வாக்குக் கொடுத்த அரசு, அதற்கான பணத்தை அந்தந்த ஆண்டே எடுத்து வைக்கவில்லை. குற்றம் அங்கே இருக்கிறது. 1994-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: 2045-க்குள் நிதியங்கள் 90 சதவீதம் நிரம்ப வேண்டும், தொடக்கத்தில் சிறு தவணை, போகப் போகப் பெரிய தவணை. அந்தத் தவணையையும் 2006, 2007 நிதியாண்டுகளுக்கு இன்னொரு சட்டம் போட்டுக் குறைத்துக்கொண்டார்கள். தாத்தா கல்யாணக் கடனைப் பேரன் தலையில் எழுதிவைத்தது போல. இன்று மாநிலத்தின் ஐந்து ஓய்வூதிய நிதியங்களிலும் சேர்த்துப் பற்றாக்குறை சுமார் 14,000 கோடி டாலர். பலன்களைக் குறைக்க 2013-இல் கொண்டுவந்த சட்டத்தை, 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் செல்லாது என்றது. 2010-இல் 3 சதவீதமாக இருந்த வருமான வரி இன்று 4.95 சதவீதம். கட்டுகிற வரியில் கணிசமான பகுதி பழைய பாக்கிக்கே போகிறது.

இந்த இடத்தில் சந்தைப் பொருளியலாளர்கள் சொன்ன ஒன்றை நன்றாகப் புரிந்துகொள். 30 ஆண்டு கழித்து ஒருவருக்கு 100 டாலர் தரவேண்டும். போட்ட பணம் ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் என்றால் இன்று 10 டாலர் எடுத்து வைத்தால் போதும். 4 சதவீதம்தான் என்றால் 31 டாலர் வேண்டும். அமெரிக்க நிதியங்கள் பலவும் நெடுங்காலம் 8 சதவீதத்தை ஒட்டியே கணக்குப் போட்டன. கொடுத்தே தீரவேண்டிய கடனை, சந்தை ஏறினால் கிடைக்கக்கூடிய லாபத்தை வைத்து மதிப்பிடாதீர்கள், அரசுப் பத்திரத்தின் வட்டியை வைத்து மதிப்பிடுங்கள் என்றார்கள் ஜோஷுவா ராவும் ராபர்ட் நோவி-மார்க்சும். இதற்கு நிறைவான மறுப்பை நான் இன்னும் படிக்கவில்லை.

நோயைச் சரியாகச் சொன்னவர்களின் மருந்து மட்டும் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு உறுதியான ஓய்வூதியம் வேண்டாம், ஆளுக்கொரு சேமிப்புக் கணக்குப் போதும் என்பது அவர்கள் வாதம். மிச்சிகன் தன் மாநில ஊழியர்களுக்கு 1997-இல் அப்படித்தான் செய்தது. நம் தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமும் அந்த வழிதான். அரசின் கணக்கு சுத்தமாகிவிடும், சரி. ஆனால் அபாயம் மறைந்துவிடுவதில்லை, ஊழியரின் தோளுக்கு மாறுகிறது. இல்லினாய் ஆசிரியர்கள் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலும் இல்லை. சந்தை சரிந்த ஆண்டில் ஓய்வு பெறும் ஆசிரியை எதை நம்புவார்?

இனி வரி. கான்சாஸ் ஆளுநர் சாம் பிரவுன்பேக் 2012-இல், சந்தைப் பொருளியலாளர் ஆர்தர் லாஃபரின் யோசனையோடு, வருமான வரியின் உச்ச விகிதத்தை 6.45-இலிருந்து 4.9 சதவீதமாகக் குறைத்தார். பெருநிறுவனம் அல்லாத தொழில்களின் லாபம் உரிமையாளரின் தனிவருமானமாக வரும்போது அதற்கு மாநில வரியே இல்லை என்றாக்கினார். தொழில் பெருகும், வேலை பெருகும், வருவாய் தானே திரும்பும் என்றார்கள். திரும்பவில்லை. நெடுஞ்சாலை நிதியை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டார்கள். ஓய்வூதிய நிதியத்துக்குக் கட்டவேண்டிய தவணையையே தள்ளிவைத்தார்கள். எண்ணெய் விலையும் விளைபொருள் விலையும் விழுந்ததைக் காரணம் காட்டுவோர் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனாலும் 2017-இல் அந்த வரிக்குறைப்பை, ஆளுநரின் மறுப்பையும் மீறி நீக்கியது அவருடைய குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம்தான்.

கவனித்தாயா? இல்லினாய் நாளை வரப்போகும் லாபத்தை நம்பி ஓய்வூதியம் கொடுத்தது. கான்சாஸ் நாளை வரப்போகும் வளர்ச்சியை நம்பி வரியைக் குறைத்தது. ஒன்று இடதின் பிழை, மற்றது வலதின் பிழை என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே பிழை. வாராத வருமானத்தை வந்ததாக எழுதாதே என்று ஓய்வூதியத்துக்குச் சொன்னவர்கள், வரி என்று வரும்போது அதே விதியை மறந்துபோனார்கள்.

கட்டுப்பாடுகள் விஷயத்தில் நான் பெரும்பாலும் அவர்கள் பக்கம். 1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் தொழில் செய்ய மாநில உரிமம் தேவைப்பட்டது. இப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. லூசியானாவில் பூக்கடைக்காரருக்கே உரிமம் வேண்டியிருந்தது. இல்லினாயில் அழகுக்கலை உரிமம் பெற 1,500 மணி நேரப் பயிற்சி வேண்டும். இதனால் ஆதாயம் ஏற்கெனவே கடை வைத்திருப்பவருக்கு. நட்டம் புதிதாக வரும் ஏழைக்கு. ஒபாமாவின் வெள்ளை மாளிகையும் 2015 அறிக்கையில் இதைக் குறை சொன்னது. வேறு மாநில உரிமத்தை ஏற்க 2019-இல் சட்டம் இயற்றியது அரிசோனா. ஃப்ரீட்மன் மருத்துவருக்கும் உரிமம் வேண்டாம் என்றார். அந்த இடத்தில் நான் அவரோடு போகமாட்டேன்.

அமெரிக்காவோடு நிறுத்திவிடாதே. தமிழ்நாட்டு பட்ஜெட்டை எடுத்து, ஓய்வூதியத்துக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, இரண்டும் சேர்ந்து மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் எத்தனை சதவீதம் என்று பத்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போடு. போட்டு முடித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்