வேலைப்பாடில்லாத வெள்ளிப் பாத்திரம்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

ஏரியூரிலிருந்து சீர்வரிசைக்கு வெள்ளி எடுக்கச் சேலம் போகிறவர்கள், பூவேலை போட்ட சாமானைத்தான் முதலில் கேட்கிறார்கள். வழவழவென்று இருப்பதையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

1. வெறும் டம்ளர்தானே என்று நினைக்க வேண்டாம். சித்திர வேலையில் சின்ன நெளிவு மறைந்துவிடும். வெறும் பரப்பில் எதையும் மறைக்க முடியாது. டென்மார்க்கின் ஜார்ஜ் ஜென்சன் நிறுவனத்துக்காக ஹென்னிங் கொப்பல் 1954-இல் வடிவமைத்த மீன் தட்டு உலகப் புகழ் பெற்றது. அதில் பூவும் இல்லை, கொடியும் இல்லை, வளைவுதான் அழகு. கடையில் டம்ளரைச் சன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். அதில் தெரியும் வெளிச்சக் கோடு தடங்கலில்லாமல் நகர்ந்தால் வேலை சுத்தம். நடுங்கி உடைந்தால் தகடு சீராக இல்லை.

2. உள்ளே அடிப்பக்கம் வட்ட வட்டமாக மெல்லிய கோடு இருந்தால், சுழலும் அச்சில் தகட்டை அழுத்திச் செய்தது. சுத்தியல் தடம் இருந்தால் கைவேலை. தட்டத் தட்ட வெள்ளி விறைத்துப்போகும். காய்ச்சி இளக்கி மறுபடி தட்ட வேண்டும். கைவேலைக்குச் செய்கூலி கூடுவது அதனால்தான்.

3. 925 என்ற முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வெள்ளியில் ஆறு இலக்க அடையாளக் குறியும் வருகிறது. வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்றாலும் கேட்டு வாங்குங்கள்.

4. ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. அடியில் ‘இ.பி.என்.எஸ்.’ என்று இருந்தால் வெள்ளி முலாம். முலாம் மட்டமும் அல்ல: ஆங்கிலேயர் டேவிட் மெல்லரின் புகழ்பெற்ற ‘பிரைட்’ கரண்டி, கத்தி வரிசை (1953) முலாம் பூசியதுதான். ஆனால் பென்னாகரம் வட்டாரத்தில் புளிக்குப் பஞ்சமில்லை என்று புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால், நாளடைவில் முலாம் போய் அடி உலோகம் பல்லிளிக்கும்.

5. முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். உப்புப் பண்டத்தை இரவெல்லாம் வைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

6. கறுத்துப்போனதா? அகலமான பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வையுங்கள். ஆப்ப சோடா ஒரு கரண்டி தூவிக் கொதிநீர் ஊற்றுங்கள். லேசாகக் கூமுட்டை நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம், கந்தகம் கழன்று போகிறது. தேய்த்தால் வெள்ளி கொஞ்சம் தேயும். இந்த முறையில் கறுப்பிலிருந்த வெள்ளி சாமானிலேயே தங்கிவிடும். கல் பதித்தது, வேண்டுமென்றே கருக்கிய வேலைப்பாடு இரண்டுக்கும் இந்த வைத்தியம் ஆகாது.

7. உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரில் கழுவினால் உடனே பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும்.

8. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது. கட்டிய இடத்தில் கறுப்பு வளையம் விழும்.

9. ஒடுக்கு விழுந்தால் கரண்டிக் காம்பால் நெம்பாதீர்கள். தகடு மடிந்து கீறிவிட்டால் பற்றவைக்க வேண்டிவரும். ஆசாரியிடம் கொடுத்தால் உள்ளே தாங்கு கட்டை வைத்துத் தட்டி எடுத்துவிடுவார். கொடுக்குமுன் எடை பார்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.