விதிப்புத்தகமா, வீட்டு விதியா? டிராகன் மேசைக்குச் சில குறிப்புகள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் 1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடுகளாக வெளிவந்தது. அவற்றில் சொல்லாமல் விட்டது ஏராளம். விட்ட இடங்களை ஆடியவர்களே தங்கள் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்கள். இன்றைய ஆட்டக்காரர் கையேடு மட்டுமே 384 பக்கம். ஆனாலும் ஒவ்வொரு மேசைக்கும் அதற்கென்று சில ஹவுஸ் ரூல்கள், அதாவது வீட்டு விதிகள், இருக்கின்றன. இருப்பதில் தவறே இல்லை. யாருக்கும் சொல்லாமல், என்ன பாதிக்கும் என்று பார்க்காமல் வைத்துக்கொள்ளும்போதுதான் நல்ல குழுக்கள் உடைகின்றன.

செய்ய வேண்டியவை

முதலில் புத்தகத்தைப் படியுங்கள். பலர் விதி என்று நம்புவது உண்மையில் யாரோ ஒருவர் மேசையின் பழக்கம். 20 முகப் பகடையில் 20 விழுந்தால் எதுவும் பலிக்கும் என்பது அப்படிப்பட்ட ஒன்று. தாக்கும்போது 20 விழுந்தால் அடி நிச்சயம் விழும். பூட்டைத் திறப்பதற்கும் காவலனிடம் பேசி உள்ளே போவதற்கும் அந்தச் சலுகையைப் புத்தகம் தரவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. 2014 பதிப்பில் ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறமை), மல்டிகிளாஸ் (ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளைக் கலப்பது) இரண்டுமே டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் விதிகள். 'நாங்கள் புத்தகப்படிதான் ஆடுகிறோம்' என்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

மாற்றப்போகும் விதி யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். எதிரியின் இரு பக்கமும் இரண்டு பேர் நின்றால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்பது 2014 டிஎம் கையேட்டில் இருந்த ஒரு விருப்ப விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பார்பேரியன் என்ற போர்வீரனை நினைத்துப் பாருங்கள். 'ரெக்லஸ் அட்டாக்' என்ற திறமையால் அவனுக்கும் அதே அட்வான்டேஜ் கிடைக்கிறது. அதற்கு விலையாக, தன்னைத் தாக்குகிறவர்களுக்கும் அட்வான்டேஜ் கொடுத்துவிட்டு அடி வாங்குகிறான். பக்கத்தில் நிற்பவன் இரண்டடி நகர்ந்து அதையே இலவசமாக வாங்கிக்கொண்டால், பார்பேரியன் ஆடுபவருக்கு மிஞ்சுவது என்ன? கூட்டமாக வேட்டையாடும் ஓநாய்க்கு அதன் கூட்டம் தரும் சிறப்பும் இதேதான், அதுவும் மதிப்பிழந்துவிடும். அட்வான்டேஜுக்குப் பதிலாக வெறும் +2 கொடுக்கும் மேசைகள் உண்டு. மூன்றாம் பதிப்பில் புத்தகமே அப்படித்தான் வைத்திருந்தது. நிற்கும் இடத்தைப் பயன்படுத்தி ஆடும் சுவையும் இருக்கும், யார் திறமையும் வீணாகாது. என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கேரக்டர் உருவாக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். 2020இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்ற புத்தகம் இதற்காகவே 'செஷன் ஜீரோ' என்ற முன் சந்திப்பைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. ஒரு ஆட்டக்காரர் புத்தகத்தை நம்பி, எந்த நிலையில் எந்தத் திறமை என்று மாதக்கணக்கில் யோசித்துத் தன் கேரக்டரை வளர்க்கிறார். ஆறாவது வாரம் வந்து 'இங்கே அது அப்படி வேலை செய்யாது' என்றால் அவர் உழைப்பையே பறித்ததாகும். ஒரே ஒரு தாளில் உங்கள் மாற்றங்களை எழுதி எல்லோருக்கும் கொடுத்தால் போதும்.

ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் டிஎம் ஒரு முடிவு சொல்லட்டும், ஆட்டம் நகரட்டும். புத்தகத்தை முடிந்த பிறகு புரட்டலாம்.

புது விதியை இரண்டு மூன்று அமர்வுகளுக்கு மட்டும் என்று சொல்லி வையுங்கள். நன்றாக இருந்தால் தானாக நிலைக்கும். 2014 விதிப்படி, குப்பி மருந்தைக் குடித்தால் அந்தச் சுற்றின் முழு ஆக்‌ஷனும் போய்விடும். பல மேசைகள் அதை, ஒரு சுற்றில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனாக்கிப் பார்த்தன. 2024 புத்தகம் அதையே விதியாக ஏற்றுக்கொண்டது.

செய்யக்கூடாதவை

1 விழுந்தால் வாள் உடையும், நண்பன் காலை வெட்டும் என்ற விதியைக் கணக்குப் பார்க்காமல் வைக்காதீர்கள். சிரிப்புக்காக வைப்பதுதான், புரிகிறது. ஆனால் ஒரு முறை தாக்குபவருக்கு 1 விழும் வாய்ப்பு 5 விழுக்காடு. 20ஆம் நிலைப் போர்வீரரான ஃபைட்டர் ஒரே ஆக்‌ஷனில் நான்கு முறை தாக்குகிறார். அவற்றில் ஒன்றிலாவது 1 விழும் வாய்ப்பு சுமார் 18.5 விழுக்காடு. வாள்வீச்சில் ஊரிலேயே தேர்ந்தவர், ஏறக்குறைய ஐந்து சுற்றுக்கு ஒருமுறை வாளைத் தவறவிடுகிறார்! பக்கத்தில் மந்திரவாதியான விசர்ட் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை எறிகிறார். அதற்கு அவர் தாக்குதல் பகடையே உருட்டுவதில்லை, தப்பிக்க உருட்டுவது எதிரிதான். எனவே அவருக்கு ஒருநாளும் கை நழுவாது. ஏற்கெனவே உயர்நிலைகளில் விசர்டின் கை ஓங்கியிருக்கும் ஆட்டத்தில் இது ஃபைட்டருக்குச் செய்யும் அநியாயம்.

எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிராமத்தாரை வரிசையில் நிறுத்தி, ஒரு கம்பைக் கைமாற்றிக் கைமாற்றி ஆறே நொடியில் மைல் கணக்கில் பறக்கவிடலாம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். விதி இயற்பியல் அல்ல என்று 2024 டிஎம் கையேடு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதிகாரப்பூர்வ விளக்கமும் சில நேரம் இப்படிச் சிக்கும். மாயத்தால் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவரை, அதற்கென்று உள்ள மந்திரம் போட்டுப் பார்த்துவிட்டாலும், தெரியாமல் இருப்பதன் சாதகம் அவருக்குத் தொடரும் என்பதே 2014 விதியின் எழுத்து. விதிகளை வடிவமைத்த ஜெரமி கிராஃபோர்டும் அதையே உறுதி செய்தார். பெரும்பாலோருக்கு அது உறுத்தியது; 2024 பதிப்பு திருத்திவிட்டது. அதுவரை தங்கள் அறிவுக்குப் பட்டபடி ஆடிய மேசைகள் எந்தத் தவறும் செய்யவில்லை.

பகடை உருண்ட பிறகு விதியை மாற்றாதீர்கள். உங்களுக்குப் பிடித்த வில்லன் சாகிறான் என்றாலும்.

புதிதாக வந்தவரைப் பக்க எண் சொல்லி மடக்காதீர்கள். அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

அட்வென்ச்சரர்ஸ் லீக் போன்ற பொது ஆட்டங்களில் வீட்டு விதியைப் புகுத்தாதீர்கள். அங்கே ஒரே கேரக்டரோடு ஆட்டக்காரர்கள் மேசை மாறி மேசை போகிறார்கள். எல்லா மேசையிலும் ஒரே விதி இருந்தால்தான் அது நடக்கும்.

2014, 2024 பதிப்புகளைப் பேசிக்கொள்ளாமல் கலக்காதீர்கள். 'எனக்குக் களைப்பு மூன்றாம் நிலை' என்று ஒருவர் சொல்கிறார். பழைய புத்தகத்தில் அவருடைய வேகம் பாதியாகும், தாக்குதல் உட்பட எல்லாப் பகடைச் சோதனைகளிலும் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். புதியதில் ஒவ்வொரு சோதனையிலும் 6 கழியும், வேகத்தில் 15 அடி குறையும். இரண்டு பேர் இரண்டு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தால், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும், சண்டையும் ஓயாது. எந்தப் புத்தகம் என்பதை அந்த ஒரு தாளின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.