ஒரு கட்டம் தெரிந்தால் போதும்
வசனக் கணக்கை வீட்டிலே சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு பாடம்

அனலைதீவில் ஒரு தோட்டத்தில் 240 கிலோ வெங்காயம் விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். காணி ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. உழைத்தவருக்கு மூன்று பங்கு, காணிக்காரருக்கு ஒரு பங்கு என்பது பேச்சு. யாருக்கு எவ்வளவு? கடதாசியும் பென்சிலும் இல்லாமலே எமது விவசாயிகள் இதைச் சொல்லிவிடுவார்கள். நாலு குவியல் போட்டால் ஒரு குவியல் 60 கிலோ. உழைத்தவருக்கு 180, காணிக்காரருக்கு 60.

அதே விவசாயியின் மகளுக்குப் பாடசாலையில் ஒரு கணக்குக் கொடுக்கிறார்கள். "ரவியும் கமலாவும் 240 ரூபாவை 3:1 என்ற விகிதத்தில் பகிர்ந்தனர். ரவிக்குக் கிடைத்தது எவ்வளவு?" பிள்ளை 240ஐ 3ஆல் வகுத்து 80 என்று எழுதுகிறாள். தகப்பனிடம் கொப்பியைக் கொண்டுபோனால், "இந்தப் புதுக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ரீச்சரைக் கேள்" என்கிறார். தினமும் செய்கின்ற கணக்கையே தெரியாது என்கிறார். அந்தத் தகப்பனையும், அவரைப் போலச் சொல்கின்ற தாயையும் நினைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

இன்று ஆரம்ப வகுப்புகளில் உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர், பாடசாலைகள் குழம்பிப்போன காலத்துப் பிள்ளைகள். 1990இல் தீவகத்தை விட்டு வந்தவர்கள், 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள், 2009இல் முகாம்களில் இருந்தவர்கள். மூன்றாம் வகுப்பு ஓரிடம், நாலாம் வகுப்பு மரத்தடி, ஐந்தாம் வகுப்பு வேறொரு பாடசாலையில் பின்னேர நேரம் என்று படித்தவர்கள். அவர்களுக்குக் கூட்டலும் பெருக்கலும் வந்துவிட்டன. சந்தையும் கடையும் கற்றுக்கொடுத்துவிட்டன. விட்டுப்போனது வசனக் கணக்கு. ஒருவர் பக்கத்தில் இருந்து, அவசரப்படாமல், "இதில் என்ன கேட்டிருக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அது வரும். அப்படி இருக்க அந்த நாளில் யாருக்கு நேரம் கிடைத்தது? அந்தக் குறை இப்போது பிள்ளைகளிடமும் வந்துசேருகிறது. தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாளில் வசனக் கணக்கைக் கண்டதும் தாண்டிப்போகும் பிள்ளை, "எனக்குக் கணிதம் வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லாமல் படிப்பை விட்ட இளைஞர்களை எந்தக் கிராமத்திலும் காணலாம்.

தீவிலே இன்னொரு சிரமமும் உண்டு. கடல் குழம்பினால் ஊர்காவற்றுறையிலிருந்து படகு வராது. அக்கரையிலிருந்து வரவேண்டிய ஆசிரியரும் வரமாட்டார். அந்த நாளில் வீடுதான் வகுப்பு.

பிள்ளை எங்கே தடக்குகிறது?

பெருக்கத் தெரியாததால் பிள்ளை பிழை விடுவது குறைவு. வசனத்தை வாசிக்காமல் எண்களை மட்டும் பொறுக்கி எடுப்பதால்தான் பிழை வருகிறது. 1979ஆம் ஆண்டளவில் பிரான்சின் கிரனோபிள் நகரில் ஏழு முதல் ஒன்பது வயதுவரையான 97 பிள்ளைகளிடம் ஒரு வேடிக்கைக் கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" 76 பிள்ளைகள் அந்த எண்களையே வைத்து ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்! ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கணக்கு என்று ஒன்று வந்தால் விடை ஒன்று எழுதவேண்டும் என்று மட்டும் பழகியிருந்தார்கள்.

எமது பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. "மொத்தம்" என்ற சொல்லைக் கண்டால் கூட்டல், "மிகுதி" என்றால் கழித்தல், "கூட" என்றால் கூட்டல் என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். சில ரியூற்றரிகளில் இதையே சூத்திரமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது பிள்ளையைக் குழிக்குள் தள்ளும் வேலை. இதைப் பாருங்கள்: "கண்ணனிடம் 12 மாங்காய்கள் உள்ளன. அது மாலாவிடம் உள்ளதைவிட 4 கூட. மாலாவிடம் எத்தனை?" "கூட" என்ற சொல்லைக் கண்ட பிள்ளை 16 என்று எழுதும். கூட வைத்திருப்பவன் கண்ணன் அல்லவா? மாலாவிடம் 8தான்.

சிங்கப்பூரிலும் இதுவே நடந்தது. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது, "மொத்தம்", "மிகுதி" போன்ற அடையாளச் சொற்கள் இருந்த கணக்குகளை 100க்கு 87 பேர் செய்தார்கள். அச்சொற்கள் இல்லாத கணக்குகளைச் செய்தவர்கள் 46 பேர் மட்டுமே. அதன்பின் கோ தெக் ஹொங் என்பவரின் தலைமையில் ஒரு குழு, கணக்கைப் படமாக வரைந்து செய்யும் முறையைப் பாடநூல்களில் கொண்டுவந்தது. 1995இல் பல நாட்டு மாணவரின் கணிதத் திறனை ஒப்பிட்ட ஆய்வில் சிங்கப்பூர் முதலிடத்தில் நின்றது. இந்த முறை ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் அதற்குச் செலவு ஒரு பென்சில்தான். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் பார்க்கப் போய்ப் பென்சனோடு திரும்பியவர்கள் எமது ஊர்களில் முன்பு இருந்தார்கள். இந்தப் பென்சிலையும் அங்கிருந்து வந்த ஒன்றாக எடுத்துக்கொள்வோம்.

கட்டம் போடும் முறை

ஒரு பங்குக்கு ஒரு கட்டம். எல்லாக் கட்டமும் ஒரே அளவு. யாருடைய கட்டம் என்று பக்கத்தில் பெயர் எழுதவேண்டும். தெரிந்த எண்ணை அதற்குரிய இடத்தில் போட்டு, கேட்டதற்குக் கேள்விக்குறி வைக்கவேண்டும். பிறகு ஒரேயொரு கேள்வி: ஒரு கட்டத்தில் எவ்வளவு இருக்கிறது?

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். "அனலைதீவுக்குப் போகும் படகில் பெரியவர்களும் பிள்ளைகளும் 5:2 என்ற விகிதத்தில் இருந்தனர். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் 21 பேர் கூட. படகில் எல்லாமாக எத்தனை பேர்?"

பெரியவர் □□□□□
பிள்ளைகள் □□

எண்களைப் பொறுக்கும் பிள்ளை 5ஐயும் 2ஐயும் கூட்டி, 21ஐ 7ஆல் வகுத்து, ஒரு பங்கு 3 என்று சொல்லும். பெரியவர் 15, பிள்ளைகள் 6. மீதியில்லாமல் வகுபட்டதால் பிள்ளைக்குச் சந்தேகமும் வராது. படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 21 பேர் எங்கே இருக்கிறார்கள்? ஏழு கட்டத்திலுமா? இல்லை. பெரியவரின் வரிசை பிள்ளைகளின் வரிசையைவிட நீண்டு நிற்கும் மூன்று கட்டத்தில் மட்டும். மூன்று கட்டம் 21 என்றால் ஒரு கட்டம் 7. பெரியவர் 35, பிள்ளைகள் 14, மொத்தம் 49. பிறகு விடையைக் கதைக்குள் திருப்பி வைத்துப் பார்க்கவேண்டும். 35இலிருந்து 14 போனால் 21. சரி. முன்னைய விடையில் 15இலிருந்து 6 போனால் 9தான் வரும், கதைக்குப் பொருந்தாது. இப்படிப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், சரியா பிழையா என்று கேட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டியதில்லை.

அடுத்தது சற்றுக் கடினம். இதைப் புளியங்கொட்டை வைத்தே செய்யுங்கள். "செல்வியிடமும் தம்பியிடமும் உள்ள புளியங்கொட்டைகளின் விகிதம் 5:3. செல்வி 8 கொட்டைகளைத் தம்பிக்குக் கொடுத்தாள். இப்போது இருவரிடமும் சமன். முதலில் ஒவ்வொருவரிடமும் எத்தனை?"

செல்வி □□□□□
தம்பி □□□

செல்வியிடம் இரண்டு கட்டம் கூட. உடனே "இரண்டு கட்டம் 8, ஒரு கட்டம் 4" என்று பிள்ளை சொல்லும், பெரியவர்களும் சொல்வார்கள். பொறுங்கள். இரண்டு கட்டத்தையும் தூக்கிக் கொடுத்துப் பாருங்கள். செல்வியிடம் மூன்று, தம்பியிடம் ஐந்து. சமன் வரவில்லை, பக்கம்தான் மாறியது. ஒரு கட்டத்தை மட்டும் கொடுத்தால் நாலுக்கு நாலு. ஆகவே கைமாறியது ஒரு கட்டம், அதுதான் 8. செல்வியிடம் 40, தம்பியிடம் 24. கொடுத்தபின் இருவரிடமும் 32. வாயால் எவ்வளவு விளக்கினாலும் இது பிள்ளையின் மனதில் நிற்காது; கொட்டையைக் கையால் நகர்த்தியபின் மறக்காது. முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்ற வரிசையை மாற்றவேண்டாம்.

விகிதம் வேறு, வித்தியாசம் வேறு

வயதுக் கணக்கில் இது நன்றாகத் தெரியும். "தாயின் வயது மகளின் வயதைப்போல் 4 மடங்கு. தாய் மகளைவிட 24 வயது மூத்தவர்." மகளுக்கு ஒரு கட்டம், தாய்க்கு நாலு. கூடுதலாக உள்ள மூன்று கட்டம் 24, ஒரு கட்டம் 8. மகளுக்கு 8 வயது, தாய்க்கு 32. எப்போது தாயின் வயது மகளின் வயதைப்போல் இரண்டு மடங்காகும்? எந்த வருடத்திலும் தாய் 24 வயதுதான் மூத்தவர். அந்த வித்தியாசம் மாறாது. மகளுக்கு ஒரு கட்டம், தாய்க்கு இரண்டு என்று புதிதாக வரைந்தால், கூடுதலாக உள்ள ஒரு கட்டமே 24. மகளுக்கு 24, தாய்க்கு 48 ஆகும்போது, அதாவது இன்னும் 16 வருடத்தில். இரண்டு பேருக்கும் ஒரே அளவு வயது ஏறினாலும் விகிதம் 4:1இலிருந்து 2:1க்கு வந்துவிட்டது.

இதைப் பெரியவர்கள் மறப்பது சீமெந்துக் கலவையில். இந்திய வீட்டுத்திட்டத்தில் தாங்களே நின்று வீடு கட்டிய குடும்பங்களுக்கு இது தெரிந்த விடயம். 1:5 கலவை என்றால் மூன்று தாச்சி சீமெந்துக்குப் பதினைந்து தாச்சி மணல். கொஞ்சமாகக் குழைத்தால் போதும் என்று இரண்டிலும் இரண்டு தாச்சியைக் குறைத்தால் என்ன வரும்? ஒரு தாச்சிக்குப் பதின்மூன்று. அப்படிக் கட்டிய சுவர் விரல் பட்டாலே உதிரும். இரண்டு பக்கமும் ஒரே அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கட்டங்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டும். மூன்று தாச்சியை ஒன்றாக்கினால் பதினைந்தும் ஐந்தாக வேண்டும்.

வாசிக்கத் தெரியாத தாயும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். பிள்ளை கணக்கை உரத்து வாசிக்கட்டும். முதலில் எண்ணைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: யார், என்ன நடந்தது, யாரிடம் கூட. பிறகு கட்டம் போடச் சொல்லுங்கள். "இந்த எண் எந்தக் கட்டத்துக்கு உரியது?" என்று கேளுங்கள். பென்சிலை நீங்கள் வாங்கவேண்டாம். நாளுக்கு ஒரு கணக்குப் போதும். பத்துக் கணக்கை ஓட்டமாகச் செய்விப்பது வீண். பிழை வந்தால் அழித்துவிடாமல், அதன் பக்கத்திலேயே புதுப்படம் வரைய விடுங்கள்.

செய்து பார்க்க

ஒன்று: 24 பரப்புக் காணியை அக்கா, அண்ணன், தம்பி மூவரும் 3:3:2 என்ற விகிதத்தில் பிரித்தனர். ஒவ்வொருவருக்கும் எத்தனை பரப்பு?

இரண்டு: வள்ளியிடமும் மேரியிடமும் உள்ள பனங்கிழங்குகளின் விகிதம் 7:4. வள்ளி 18 கிழங்குகளைச் சந்தையில் விற்றாள். இப்போது இருவரிடமும் சமன். முதலில் எத்தனை வைத்திருந்தார்கள்?

மூன்று: ஒரு விவசாயி 12 பரப்பில் புகையிலையும் 4 பரப்பில் மிளகாயும் நட்டார். அவருக்கு எத்தனை கிலோ மிளகாய் கிடைத்தது?

விடைகள்: முதலாவதில் எட்டுக் கட்டம் 24 பரப்பு, ஒரு கட்டம் 3. அக்காவுக்கு 9, அண்ணனுக்கு 9, தம்பிக்கு 6. இரண்டாவதில் புளியங்கொட்டைக் கணக்கைப்போல் ஒரு பங்கை எடுத்துவிடக் கூடாது. விற்ற கிழங்கு மேரியிடம் போகவில்லை, சந்தைக்குப் போய்விட்டது. ஆகவே கூடுதலாக இருந்த மூன்று கட்டமும் 18, ஒரு கட்டம் 6; வள்ளியிடம் 42, மேரியிடம் 24. மூன்றாவதற்குப் பிள்ளை 3 என்றோ 16 என்றோ 48 என்றோ எழுதியிருந்தால், பிரான்சு தேசத்துக் கப்பல் தலைவரின் கதையைச் சொல்லிவிட்டு, இந்தக் கணக்குக்கு இன்னும் என்ன தெரியவேண்டும் என்று கேளுங்கள்.