தரவுத்தளம் கதவைத் திறக்கவில்லையா?

"டீச்சர், லேப்டாப்பில் நன்றாக ஓடியது. மேகத்தில் ஏற்றியதும் செத்துவிட்டது!"

படிவம் நான்கு மாணவி ஒருவரின் புலம்பல் இது. எங்கள் அறிவியல் மன்றத்தில் பச்சைப்பயறு நாற்றுகளின் உயரத்தைத் தினமும் காலையில் அளந்து, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பதிகிறோம். ஒரே மடிக்கணினியில் இருந்தவரை சிக்கல் இல்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று தரவுத்தளத்தை மட்டும் மேகத்துக்கு மாற்றினோம். திரையில் 2003 என்ற பிழை எண் வந்து நின்றது.

மேகம் என்றாலும் அது தரையில்தான் இருக்கிறது மாணவர்களே. எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும் கணினியை நாம் வாடகைக்கு எடுக்கிறோம். அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே இந்தச் சேவைக்கான மையங்களைத் திறந்தது. ஆக, உங்கள் நிரலும் தரவுத்தளமும் இப்போது இரண்டு வெவ்வேறு கணினிகளில் இருக்கின்றன. பெரும்பாலான பிழைகள் இவற்றுக்கு நடுவேதான் பிறக்கின்றன.

பங்சாரில் ஓர் அடுக்குமாடிக்கு உணவு கொண்டுவருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலர், மேலே வீட்டுக் கதவு, உள்ளே ஆள். உணவு வந்து சேரவில்லை என்றால், அவர் எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2003-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னோர் எண் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. லினக்ஸ் கணினியில் அது 110 என்றால் 'நேரம் கடந்துவிட்டது' என்று பொருள். 111 என்றால் 'இணைப்பு மறுக்கப்பட்டது'. விண்டோசில் இவை 10060, 10061. முதலாவதில், ஃபயர்வால் என்னும் காவலர் உங்கள் கோரிக்கையைப் பதிலே சொல்லாமல் கீழே போட்டுவிடுகிறார். உங்கள் கணினி திரும்பத் திரும்பக் கேட்டு, வெகுநேரம் கழித்துத்தான் கைவிடும். இரண்டாவதில், வீட்டு வாசல் வரை போயாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் கேட்பார் யாரும் இல்லை. இந்தப் பதில் உடனே வரும். கடிகாரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எங்களுக்கு வந்தது 110. மாணவர் ஒருவர் இணையத்தில் தேடி, ஃபயர்வாலில் 0.0.0.0/0 என்று எழுதி 3306-ஆம் போர்ட்டைத் திறந்தார். உலகில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது அதன் பொருள். உடனே 111 வந்தது. பிள்ளைகளின் முகம் வாடியது, எனக்கோ மகிழ்ச்சி. காவலரைத் தாண்டிவிட்டோமே!

111-க்குக் காரணம், மைஎஸ்கியூஎல் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காதுகொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது, வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால்தான் பதில். அதை அந்தச் சர்வரின் வலையமைப்பு முகவரிக்கு மாற்றினோம். அடுத்து வந்தது 1045, 'அனுமதி இல்லை'. கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மைஎஸ்கியூஎல் பயனர் பெயரோடு, அவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கும். நாங்கள் உருவாக்கிய பயனர் 'லோக்கல்ஹோஸ்ட்' கணினிக்கு மட்டும் உரியவர். வெளியிலிருந்து வருவதற்கும் அனுமதி கொடுத்ததும் பக்கம் திறந்தது. கைதட்டல்!

அந்த மகிழ்ச்சியில் 0.0.0.0/0 அப்படியே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூடச் சொன்னேன். "ஓடுவதை ஏன் டீச்சர் தொட வேண்டும்?" என்று முணுமுணுப்பு. 2017 ஜனவரியில் நடந்ததைச் சொன்னேன்.

மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தைப் பலர் கடவுச்சொல் இல்லாமல், இணையத்தில் யாரும் எட்டும்படி நிறுவியிருந்தார்கள். தாக்குபவர்கள் பூட்டை உடைக்கவே இல்லை. இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல் ஒன்று போதுமாக இருந்தது. உள்ளே நுழைந்து தரவுகளை அழித்துவிட்டு, 0.2 பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருவதாகக் குறிப்பு எழுதி வைத்தார்கள். சில நாள்களில் பாதிக்கப்பட்டவை பல்லாயிரம் ஆயின. பல இடங்களில் தரவை அவர்கள் நகலெடுக்கவே இல்லை. பணம் கட்டியும் திரும்பி வர எதுவும் இல்லை.

எங்கள் தரவுத்தளத்தில் கடவுச்சொல் உண்டு, உண்மைதான். ஆனால் உலகம் முழுவதும் அதை ஊகித்துப் பார்க்க ஏன் வாய்ப்புத் தர வேண்டும்? பள்ளியின் இணைய முகவரியை மட்டும் அனுமதித்தோம். அந்த முகவரி மாறினால் 110 மீண்டும் வரும், ஃபயர்வாலில் திருத்த வேண்டும். அது ஒரு தொல்லைதான். இணையப் பக்கத்தையும் மேகத்துக்கே கொண்டுபோய், இரண்டையும் ஒரே தனி வலையமைப்பில் வைத்தால் தரவுத்தளம் வெளியே தெரியவே தெரியாது. இந்தத் தவணையில் அதைத்தான் செய்யப்போகிறோம்.

ஒரு பிழை மட்டும் எந்த எண்ணும் காட்டாமல் வந்தது. காலை 7.15-க்கு அளந்த நாற்று, முந்தைய நாள் இரவு 11.15-க்கு அளந்ததாகப் பதிவாகியிருந்தது. யாராவது பள்ளிக்குள் புகுந்துவிட்டார்களா என்று ஒருவர் பயந்தே போனார். மேகச் சர்வர்கள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னே. பதிவை அப்படியே விட்டுவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் 8 மணி நேரத்தைக் கூட்டச் சொன்னேன். பழைய வரைபடத்தில் தேதி தவறிப்போன 11 நாற்றுகளை மாணவர்கள் இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.