தேவரியா தாலுக்கு வழி சொன்ன தம்பிக்கு



உத்தராகண்ட் மலையிலுள்ள தேவரியா தால் ஏரியைப் பற்றித் தம்பி எழுதிய பயணக் கட்டுரையை முதலில் ஆசையாகவும் பிறகு பென்சிலோடும் படித்தாயிற்று. காலணி, மழைக்கோட்டு, மாத்திரை, டார்ச் என்று மூட்டை கட்டும் விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யட்சன் தருமனிடம் கேள்வி கேட்ட பொய்கை இதுதான் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் கதையை வில்லிபாரதத்து நச்சுப்பொய்கையோடு சேர்த்துச் சொன்ன இடமும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் கட்டுரையைக் கீழே வைத்துவிடத் தோன்றியது. அந்த இரண்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலாவது, நேரக் கணக்கு. சாரி கிராமத்திலிருந்து ஏரிக்கு இரண்டரை கிலோமீட்டர்தான், மெரினாவில் காலை நடை போகிறவர்கள் எவரும் போய்விடலாம் என்று தம்பி எழுதியிருக்கிறார். மெரினா தட்டையான மணல். சாரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏரி ஏறத்தாழ 2,400 மீட்டரில். இடையில் இருக்கும் 400 மீட்டர் ஏற்றத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். உச்சிப் பிள்ளையாரை ஒரே மூச்சில் ஐந்து முறை ஏறிப் பார்க்கும் உடம்புக்குத்தான் சாரியிலிருந்து ஏரி வரை உள்ள ஏற்றம் ‘காலை நடை’.

மலையில் கிலோமீட்டரை மட்டும் எண்ணி நேரம் சொல்லக் கூடாது என்பது பழைய பாடம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இலேயே அதற்கு ஒரு கணக்குப் போட்டுத் தந்தார். இன்றைய அளவையில் சொன்னால், ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்தக் கணக்குப்படி சாரியிலிருந்து தூரத்துக்கு அரை மணி, ஏற்றத்துக்கு நாற்பது நிமிடம், ஆக ஒரு மணி பத்து நிமிடம். அதுவும் நல்ல தெம்புள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால். மூச்சு வாங்க நின்று, தண்ணீர் குடித்து, பூவைப் பார்த்து, வழியில் இருக்கும் சிவன் கோயிலில் கும்பிட்டுப் போகிற குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் தாராளமாக வேண்டும். இறக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல் பாவிய பாதையில் இறங்கும்போதுதான் முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

தம்பியின் அட்டவணையோ காலை பதினொரு மணிக்குக் கிளம்பச் சொல்கிறது! பன்னிரண்டரைக்கு ஏரி, சாப்பாடு, படம் பிடித்தல், நான்கு மணிக்குக் கீழே. அப்படிப் போனதால் சௌகம்பா சிகரத்தை மேகம் மறைத்துவிட்டது, அதிர்ஷ்டம் இல்லை என்று அவரே வருத்தப்படுகிறார். இதில் அதிர்ஷ்டத்துக்கு அதிக வேலை இல்லை. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகின்றன, பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மேலெழுகிறது, நண்பகலுக்குள் சிகரங்களின் மேல் மேகம் திரள்கிறது. கூடவே காற்றும் எழுந்து நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும். 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா அந்தச் சின்ன ஏரிக்குள் தலைகீழாக நிற்பதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்? அதைப் பார்க்கத் தோதான பொழுது காலையின் முதல் சில மணி நேரம்.

ஆகவே திட்டம் ஏரியின் காலையிலிருந்து பின்னோக்கிப் போடப்பட வேண்டும். அக்டோபரில் எட்டு மணிக்குள் கரையில் நிற்க வேண்டுமானால், பொழுது வெளுக்கும்போதே சாரியில் முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் முந்தின இரவு படுக்கை சாரியில்தான். ஹரித்வாரிலிருந்து சாரிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மலைச்சாலையில் அதற்கு ஒரு முழுப் பகல் போய்விடும். அன்றைக்கே ஏரியையும் முடித்துவிடலாம் என்று வாசகருக்கு ஆசை காட்டியதை மன்னிக்க மனம் வரவில்லை. கரடியும் சிறுத்தையும் நடமாடும் காடு அது. உள்ளூர்க்காரர் ஒருவர் உடன் இல்லாமல் இருட்டில் ஏறவோ இறங்கவோ கூடாது. டிசம்பரில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும்.

இரண்டாவது எரிச்சல் இன்னும் பெரியது. காட்டுக்குத் தம்பி கொடுத்திருப்பது ஒரே வாக்கியம்: அடர்ந்த பசுமையான காடு வழியாகப் பாதை செல்கிறது. அவ்வளவுதான்! அதற்குமேல் தங்குமிட வாடகைக்கு ஒரு பத்தி, நூடுல்ஸ் விலைக்கு அரைப் பத்தி.

அந்தக் காடு பாஞ்ச் மரக் காடு. ஓக் குடும்பத்து மரம், ஆண்டு முழுவதும் இலை நிற்கும். முன்பு எங்கள் குழுவை அழைத்துப் போன சாரிக்காரர், வயதில் மூத்தவர், ஏரி இன்னும் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் பதில் சொல்லமாட்டார். ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிக் காட்டுவார். மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளைச் சாம்பல் பூசியது போல நுண்மயிர். காற்றடிக்கும்போது மலைச்சரிவு முழுக்க வெள்ளை ஓடும். பாஞ்ச் நிற்கும் சரிவில் ஊற்று வற்றாது, பைன் வந்த சரிவில் ஊற்று நிற்காது என்பது கட்வால் கிராமங்களின் பட்டறிவு. பாஞ்ச் இலைச் சருகு மக்கி மண்ணைப் பஞ்சாக்குகிறது. பைன் ஊசிகளோ லேசில் மக்குவதில்லை. ரயில் தண்டவாளக் கட்டைக்கும் பிசினுக்கும் பைனைப் போற்றி வளர்த்தது ஆங்கிலேயர் காலத்து வனத்துறை. ருத்ரப்பிரயாகையிலிருந்து ஊக்கிமட் நோக்கி ஏறும்போது, கீழே பைனும் மேலே பாஞ்சுமாகச் சரிவுகள் மாறுவதை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். தம்பி அந்த நேரத்தில் தூங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார்.

சாரியில் விடிந்தால் பெண்கள் அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். பனிக்காலத்தில் புல் காய்ந்த பிறகு மாட்டுக்குப் பாஞ்ச் தழைதான் தீனி. தம்பி மூச்சிரைத்து நின்ற அதே ஏற்றத்தில் தலைச்சுமையோடு பேசிச் சிரித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதுதான் அந்தப் பெரியவர் எங்களுக்குச் சொன்ன முதல் விதி. பள்ளத்துப் பக்கம் நின்றால் சுமை இடித்து நாம்தான் சரிவோம். இப்படி ஒரு வரி தம்பியின் குறிப்புகளில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஊக்கிமட்டிலிருந்து மேலே போகும் சாலையிலேயே சோப்தா என்ற இடத்தைத் தாண்டிக் கோபேஸ்வர் பக்கம் இறங்கினால் மண்டல் என்ற ஊர் வரும். 1973 ஏப்ரலில் சிப்கோ இயக்கம் தொடங்கிய இடம். ஏர், நுகத்தடி செய்ய ஊரார் கேட்ட மரத்தை மறுத்துவிட்டு, விளையாட்டுச் சாமான் செய்யும் வெளியூர்க் கம்பெனிக்கு வனத்துறை ஒதுக்கியது. சண்டி பிரசாத் பட்டும் அவருடைய தசோலி கிராம சுவராஜ்ய சங்கத்தாரும் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காப்போம் என்று கிளம்பினார்கள், கம்பெனி ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கேதார்நாத் பாதையிலுள்ள பாட்டாவிலும் பிறகு இதே போராட்டம் நடந்தது. சாரி இந்த இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட மலையில் இருக்கிறது. அந்தக் காட்டுக்கு ஒரு வாக்கியம் போதுமா?

தமிழ் வாசகருக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மார்ச், ஏப்ரலில் அந்தப் பாதையில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் புரான்ஸ், உத்தராகண்ட்டின் மாநில மரம். அதன் நெருங்கிய உறவுதான் நீலகிரிச் சோலை ஓரங்களில் நிற்கும் காட்டுப் பூவரசு. இடையிலுள்ள சமவெளி எதிலும் இந்த இனம் இல்லை. ஊட்டியில் வளர்ந்த ஒருவர் சாரியில் அந்தப் பூவைப் பார்த்து வாயடைத்து நின்றதைக் கண்ணால் பார்த்ததுண்டு.

பருவம் பற்றிய பகுதியில் சுருக்கமாகச் சில திருத்தங்கள். மே, ஜூனில் போகலாம் என்பது அரைகுறை ஆலோசனை. கேதார்நாத் யாத்திரை வண்டிகள் அதே சாலையை அடைத்துக்கொள்ளும், கீழே பைன் காடுகள் எரியும் ஆண்டுகளில் புகைமூட்டம் சிகரங்களை மறைக்கும். தீ என்றால் படம் கெடுவதோடு நிற்கிற சங்கதி அல்ல. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களில் இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு தமிழில் எழுதப்படும் எந்த மலைநடைக் குறிப்பிலும், கிளம்புமுன் வனத்துறையிடம் பாதை நிலவரமும் தீ நிலவரமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்ற வரி விடுபடக் கூடாது. தம்பியின் குறிப்பில் விடுபட்டிருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவும் அட்டையும். மழை கழுவிவிட்ட அக்டோபர், நவம்பர்தான் சிகரம் பார்க்க நல்ல காலம்.

கரையிலேயே கூடாரம் அடிக்கலாம் என்ற வரியையும் அடித்துவிட வேண்டும். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் என்னும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. எங்கே கூடாரம் போடலாம் என்பதை வனத்துறை சொல்ல வேண்டும், பயணக் கட்டுரை சொல்லக் கூடாது.

இனி, தம்பி தன் அம்மாவைப் பற்றி எழுதிய பத்தி. அறுபது வயதைத் தாண்டிய அம்மா கேன்வாஸ் காலணியும் புடவையுமாக ஏறுகிறார். மகன் முன்னால் போய் நின்று காத்திருக்காமல் அவருக்கு ஒரு படி கீழே, பின்னாலேயே நடக்கிறார். அம்மா பேச்சை நிறுத்தினால் வேகம் அதிகம் என்று புரிந்துகொண்டு, தான் களைத்ததாகச் சொல்லி உட்காருகிறார். குழுவை மலையேற்றுவது எப்படி என்று தடித்தடியாக வந்த கையேடுகளில் இல்லாத பாடம் அது. மெதுவாக நடப்பவரே குழுவின் வேகம் என்று பயிற்சி முகாம்களில் தொண்டை வறளக் கத்துவார்கள். தம்பி அதை அறிவுரையாக்காமல் நடந்து காட்டியிருக்கிறார். தமிழில் மலைநடை பற்றி வந்த எழுத்தில் இதற்கு இணையாக ஒரு பத்தி படித்த நினைவே இல்லை. படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உரக்க வாசிக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நுட்பமாக அம்மாவின் மூச்சைக் கவனித்த பிள்ளை பாஞ்ச் இலையைக் கவனிக்காமல் போனாரே என்பதுதான் ஆதங்கம்.

கட்டுரைகள் நூலாக வரப்போகின்றன என்று கேள்வி. அட்டவணையைப் பொழுது வெளுக்கும் நேரத்திலிருந்து புதிதாகப் போட வேண்டும், ஏற்றத்தின் மீட்டர் கணக்கு முதல் பக்கத்திலேயே வர வேண்டும், காட்டுக்குக் குறைந்தது இரண்டு பக்கம் வேண்டும். வாடகை, நூடுல்ஸ் விலை இரண்டையும் எடுத்துவிடலாம், அவை அடுத்த பருவத்துக்குள் மாறிவிடும். அம்மா வரும் பத்தியில் பதிப்பாசிரியர் கை வைக்க வந்தால் விடவே கூடாது.

அன்புடன்,
ஒரு பழைய மலைநடைக்காரர்