வேலைக்குப் போய்க்கொண்டே நீட் எழுதுவோருக்கு



கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, இரவில் கைப்பேசியில் நீட் பாடம் பார்க்கும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் உண்டு. ‘நேற்றுப் பார்த்த பாடத்தில் எத்தனை கேள்விக்கு விடை எழுதிப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதில்லை. காணொளி ஓடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும்.

மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். உயிரியலுக்கு மட்டும் 360, அதாவது சரிபாதி. நேரம் குறைந்தவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். என்சிஇஆர்டி பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; வரி விடாமல் படியுங்கள். சுப்ஹு தொழுததும் ஒன்றரை மணி நேரம் உயிரியல், இரவில் அதே பாடத்தின் பழைய வினாக்கள். இயற்பியல் கணக்குகளை விடுமுறை நாளில் போடலாம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தெரியாததை விட்டுவிடவும் பழக வேண்டும்.

பயிற்சிக் கட்டணத்துக்காக வட்டிக்கு வாங்காதீர்கள். கான்பூர் ஐஐடியின் ‘சாத்தி’ தளத்தில் பாடங்களும் மாதிரித் தேர்வுகளும் இலவசம். வினாத்தாளைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டும்.

வயது கூடிவிட்டதே என்று தயங்க வேண்டாம்; இப்போது மேல் வயது வரம்பு இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கலந்தாய்வு நேரத்தில் தவித்த ஒரு குடும்பத்துடன் நாமும் அலைந்திருக்கிறோம். இல்லாதவர்கள் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகம் வாருங்கள். விண்ணப்பிக்க உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.