தீக்குப் பின் வாடகை

செகந்திராபாத்தின் சுவப்னலோக் வணிக வளாகத்தில் 2023 மார்ச் 16 அன்று மூண்ட தீ, ஆறு இளம் உயிர்களைப் பறித்தது. அவ்விழப்புக்கு ஈடில்லை. இத்தகைய விபத்துக்குப் பின் கடையை வாடகைக்கு எடுத்தவர் முன் எழும் ஒரு வினாவை இங்கு நோக்குவோம்: பயன்படாத இடத்துக்கு வாடகை தர வேண்டுமா?

கடை எரிந்ததும் வாடகை தானே நின்றுவிடும் எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில், தீயாலோ வெள்ளத்தாலோ இடத்தின் முக்கியப் பகுதி முற்றிலும் அழிந்தால், அல்லது எடுத்த நோக்கத்துக்கு நிலையாகவே உதவாமற்போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் விருப்புரிமையை வாடகைதாரருக்கு அளிக்கிறது. அவர் அதைப் பயன்படுத்தாதவரை ஒப்பந்தம் தொடரும். முடிவை எழுத்தில் தெரிவிப்பதே பாதுகாப்பு. சுவரில் படிந்த புகைக்கரி நிலையான சேதமாகாது. தீ அவருடைய தவறால் மூண்டிருப்பின் இவ்வுரிமையும் இல்லை.

தொடர விரும்புவோர்க்கும் சட்டம் துணைநிற்கிறது. கட்டடம் இடிந்ததால் மட்டும் குத்தகை உரிமை அழியாது என 2014இல் ஷாஹா ரதன்சி கிம்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவையெல்லாம் ஒப்பந்தத்தில் மாறாக ஏதும் எழுதப்படாதபோதே பொருந்தும். பழுதுபார்க்கும் காலத்தில் வாடகை நிறுத்தப்படுமா என்பதை, கையெழுத்திடும் முன்பே அதில் எழுதிக்கொள்ள வேண்டும். உரிமையாளர் கட்டடத்துக்கு எடுத்த காப்பீடு நம் சரக்கைக் காக்காது. சரக்குக்குத் தனிக் காப்பீடு தேவை. கடை மூடிக் கிடந்தாலும் கடன் தவணை வந்துகொண்டேயிருக்கும்.